அடைத்த துவாரம்

சீலிங்கிலிருந்து விழுந்த துளி சூடாக இருந்தது.

மத்தியானம் மூன்று மணி. மகளின் கட்டிலுக்கு நேர் மேலே உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் பூத்திருந்தது. அவர் நாற்காலியில் ஏறி விரலால் தொட்டுப் பார்த்தார், சட்டென்று விரலை இழுத்துக்கொண்டார். இருபது வருஷமாக ஊரார் வீட்டு மச்சுகளில் தவழ்ந்து முழங்கால் தேய்ந்த மனிதர் அவர். கூரை டாக்டர் என்று கேலி பாதியும் மரியாதை பாதியுமாகக் கூப்பிடுவார்கள். வெளியிலிருந்து வரும் புழுக்கக் காற்று ஏசியால் குளிர்ந்த இடத்தில் பட்டால் அங்கே வியர்க்கும், துவாரத்தை அடையுங்கள், ஏசிக் குழாயைச் சுற்றிப் போர்த்துங்கள் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தவர். அந்த வியர்வை ஜில்லென்றுதான் இருக்கும். இந்த வீட்டில் இரண்டு நாளாக ஏசியே ஓடவில்லை.

கட்டிலில் ஏழு வயது மகள் இருமல் மருந்தின் மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். தூக்கத்திலும் இருமினாள். ஆறு மணிக்கு அவளுடைய பெரியம்மா வருவாள். அம்மாவின் நெஞ்சைத் தின்ற ஈரம் பிள்ளையையும் தின்ன விடமாட்டேன், இன்றைக்கும் சீலிங் நனைந்திருந்தால் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று போன வாரமே கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்தப் பிள்ளையும் போய்விட்டால் இந்த வீட்டில் அவருக்கு யார் இருக்கிறார்கள்?

ஏணியைச் சாத்தி, அறை மூலையில் இருந்த சதுர மூடியைத் தூக்கிக்கொண்டு மச்சுக்குள் ஏறினார்.

சீலிங்குக்கும் தகரக் கூரைக்கும் நடுவில் குனிந்து போகத்தான் இடம். மர அட்டையின் வாசனை, பழைய தூசியின் வாசனை, அதற்கடியில் மருந்து கலந்த ஏதோ ஒரு வாசனை. அதை அவருக்கு நன்றாகத் தெரியும், தெரியாத மாதிரி இருந்துகொண்டார். வெளியே மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. தகரத்தில் கை வைக்க முடியவில்லை. ஏசிக் குழாய் காய்ந்திருந்தது. எலி கடித்த ஓட்டை எதுவும் இல்லை. கோடிச் சுவரில் அவரே ஃபோம் அடித்து அடைத்த காற்றுத் துவாரம் அப்படியே இருந்தது.

பத்து மாதத்துக்கு முன் அதை அடைத்தார். கீழே அவர் மனைவி ஆக்ஸிஜன் குழாயோடு படுத்திருந்தாள். சீலிங்கிலிருந்து அவள் நெற்றியில் சொட்டிக்கொண்டிருந்தது. ஊரார் வீட்டு வேலையெல்லாம் முடித்துவிட்டுக் கடைசியாகத்தான் சொந்த வீட்டுக்கு நேரம் கிடைத்தது அவருக்கு.

"என்னங்க, அடைக்காதீங்க. மூச்சு முட்டுது. கொஞ்சம் தெறந்து விடுங்க."

திறந்தால் இன்னும் ஈரம்தான் வரும் என்று அவளுக்குப் பாடம் நடத்தினார். அவர் சொன்னது சரிதான். தொழில்படி நூற்றுக்கு நூறு சரி. அவர் ஃபோம் அடித்துவிட்டு இறங்கி வந்தபோது அவள் போயிருந்தாள். கைகூடக் கழுவாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது இன்றைக்கும் அவர் நெஞ்சை அறுக்கிறது.

டார்ச்சைத் திருப்பினார். துவாரத்துக்குப் பக்கத்தில், கொதிக்கிற தகரத்தில், ஒரு மங்கல்.

சூடான தகரத்தில் நீர் பூக்காது. பூக்கவே பூக்காது.

மங்கல் சுருங்கியது. மறைந்தது. மறுபடி பூத்தது.

சின்னதாக மூன்று. பெரிதாக ஒன்று. அப்புறம் ஒரு நீண்ட இடைவெளி. அந்தக் கணக்கு அவருக்கு மனப்பாடம். கடைசி வாரம் முழுக்க ராத்திரியெல்லாம் அவள் மூச்சை இப்படித்தான் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மூக்குக் கண்ணாடி பனித்தது. கன்னத்தில் மூச்சு சூடாகப் பட்டது.

கத்தியை எடுத்தார். ஃபோமைக் கிழித்தார், குத்தினார், பிய்த்துப் பிய்த்து எறிந்தார். வெளிச்சம் உள்ளே விழுந்தது.

"போம்மா. தெறந்துட்டேன். தப்புதான், முன்னமே தெறந்திருக்கணும்."

மங்கல் நின்றது. தகரம் காய்ந்தது. அந்த மருந்து வாசனையும் போய்விட்டது. புழுதியில் நெற்றியை வைத்து, பத்து மாதமாக அழாத அழுகையை அழுது தீர்த்தார்.

இறங்கும்போதுதான் கவனித்தார், மூடி இத்தனை நேரமும் திறந்தே கிடந்திருக்கிறது. ஏறிய உடனே மூடியைச் சாத்து, மச்சுக் காற்று அறைக்குள் இறங்கக் கூடாது என்று வேலைக்கு வருகிற ஒவ்வொருவனிடமும் முதல் நாளே கத்துகிறவர் அவர். தன்னைத்தானே திட்டிக்கொண்டு மூடியை இறுக்கிச் சாத்தினார்.

பெரியம்மா ஆறு மணிக்குச் சரியாக வந்தாள். நாற்காலியில் ஏறி, சீலிங்கை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தாள். எலும்பு மாதிரி காய்ந்திருந்தது. பிள்ளையின் இருமலும் நின்றிருந்தது. இறங்கி வந்தவள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்ககிட்டயே இருக்கட்டும் தம்பி. நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரி இல்ல."

வாசல் வரை போய் வழியனுப்பினார். ஆட்டோ தெருமுனை திரும்பும்வரை நின்றார். மனசு லேசாக இருந்தது. அப்படி இருந்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்தபடி உள்ளே வந்தார்.

மகள் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்து, யாருக்கோ இடம் விட்டதுபோல ஒருக்களித்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் காலித் தலையணை.

தலையணை நடுவில் அமுங்கியிருந்தது.

அமுங்கிய இடத்தில் ஈரம். ஒரு கன்னத்தின் அளவு. அவர் பார்க்கப் பார்க்க அது விரிந்தது. மகளின் முகத்தை நோக்கி.

"தள்ளிப் படும்மா," தூக்கத்தில் முனகினாள் மகள். "எனக்கு எடமே இல்ல."

அவர் பாய்ந்து அவளைத் தூக்கினார்.

வரவில்லை. ஏழு வயசுப் பிள்ளை. ஒரு கையால் தூக்கித் தோளில் போடுகிற பிள்ளை. அசையவில்லை. அவள் இடுப்பைச் சுற்றி, உலர்ந்த கவுன்மேல், ஐந்து விரல் அகலத்துக்கு ஈரம் இறங்கி இறுகிக்கொண்டிருந்தது.