திருத்த மனசு வராத வாத்தியார்

மழைக்கு ஒதுங்கிய இடத்தில்தான் முதல் மோதல். அவன் குடையை மடக்கிய வேகத்தில் மொத்தத் தண்ணீரும் அவள் முகத்தில். கோபம் வந்தால் அவளுக்குத் தெரு இங்கிலீஷ்தான் வரும். பாதியை விழுங்கி, மீதியை இழுத்து, ஒரே மூச்சில் திட்டித் தீர்த்தாள். அவனோ நனைந்த இமைகளோடு, வைத்த கண் வாங்காமல் கேட்டுக்கொண்டு நின்றான்.

மறுநாள் அவள் புதிதாகச் சேர்ந்த கால் சென்டரில், பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்தவன் அவனேதான். அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. போனில் எல்லாரும் ஒரே மாதிரி சுத்தமான இங்கிலீஷ் பேச வேண்டுமாம். கடைசியில் தேர்வு, தேறாவிட்டால் வேலை கிடையாது. வீட்டில் சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான்.

மற்றவர்களை அவன் வார்த்தைக்கு வார்த்தை நிறுத்தினான். "இழுக்காதீங்க... திரும்பச் சொல்லுங்க." அவள் முறை வந்தால் மட்டும், "ம்... அடுத்தவங்க." வாரக்கணக்கில் இதே கதை. பழிவாங்குகிறான், கமுக்கமாகக் கவிழ்க்கப் பார்க்கிறான் என்றே அவள் முடிவு கட்டினாள். அந்தக் கண்களைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே... ச்சே, கண்ணை நம்பி யார் உருப்பட்டார்கள்?

ஒரு மதியம், வகுப்பில் பதிவான அவள் குரலை ஹெட்போனில் போட்டுக் கேட்டு அவன் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தான். கணினித் திரையில் தன் பெயரைப் பார்த்ததும், கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள்.

"என் பேச்சு அவ்ளோ கேவலமா இருக்கா சார்?"

அவன் காது மடல் சிவந்தது. "சத்தியமா இல்ல..."

"அப்ப ஏன் என்னைத் திருத்தவே மாட்டேங்கறீங்க? நான் ஃபெயிலாகணும், அதானே?"

"திருத்தணும்னுதான் தினமும் வர்றேன். நீங்க வாயைத் திறந்ததும்... மனசு வரல. அது அப்படியே இருக்கட்டும்னு தோணுது. அன்னைக்கு மழையிலேயே விழுந்துட்டேங்க."

அவளுக்கு சந்தோஷமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது.

"உங்களுக்குப் பிடிச்சிருக்குன்னு என் வேலை போகணுமா?"

"தப்புதான்..." தலை குனிந்தான். "நான் சொல்லிக்கொடுத்தா நீங்க தேற மாட்டீங்க. பக்கத்து கிளாஸ் மேடம்கிட்ட உங்களை மாத்தச் சொல்லி காலையிலேயே கேட்டுட்டேன். அவங்க ரொம்பக் கறார்."

இத்தனை நாள் ஊட்டி வளர்த்த சந்தேகம் போன இடம் தெரியவில்லை.

"தேறிடுவேன் சார்," என்றாள் மெல்ல. "ஆனா போன்ல மட்டும்தான் அப்படிப் பேசுவேன். மத்த நேரமெல்லாம் என் பேச்சுதான். அதை உட்கார்ந்து கேக்க எனக்கும் ஒரு ஆள் வேணும்... அது நீங்களா இருந்தா பிடிக்கும்."