ராபர்ட் கேட்ட கதவு

ட்ரிங்... ட்ரிங்...

சேவுகன் பாய்ந்து ரிசீவரை எடுத்தார்.

"மச்சான், கதவு போயிருச்சு." மானகிரியிலிருந்து மைத்துனன் தங்கச்சாமி. "அந்தப் பொண்ணு முழுக் காசையும் குடுத்துட்டா. நகைய அடகு வச்சாளாம்."

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது சேவுகனுக்கு.

இரண்டு வருஷமாய் எரிந்துகொண்டிருந்த வயிறு!

எரிய வைத்தவள் மரிய அனிதா. காரைக்குடியில் சேவுகனின் பழைய சாமான் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள். வேலையை விட்டாள். எதிர்க் கடையைப் பிடித்தாள். ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வைத்தாள். 1999-ல் பாதி ஊர் அதை டி.வி. என்று நினைத்து வேடிக்கை பார்த்தது.

சேவுகன் கைடுகளுக்குக் கமிஷன் அழுதுவிட்டு, வெள்ளைக்காரன் வருவானா என்று வாசலையே பார்த்துக் கிடப்பார். அவளோ பீங்கான் சாடியையும் பித்தளை விளக்கையும் படம் பிடித்து இன்டர்நெட்டில் போட்டாள். பாரிஸ்காரன் பாரிஸில் உட்கார்ந்தபடியே வாங்கினான். டோக்கியோவிலிருந்து ஆர்டர் வந்தது. சேவுகன் வாசலில் ஈ ஓட்டினார்.

நேத்து வரைக்கும் என்கிட்ட சம்பளம் வாங்கினவ... இவளுக்கு டோக்கியோ கேட்குதா?

பொறாமை அவரைச் சோறு தின்ன விடவில்லை. கடைசியில் மதுரைக்கு பஸ் ஏற்றிவிட்டது. அங்கே ஒரு பிரவுசிங் சென்டரில் சேவுகன் மறுபிறவி எடுத்தார்.

லண்டன் ராபர்ட்!

மானகிரியில் தங்கச்சாமி வீட்டில் ஒரு தேக்குக் கதவு இருக்கிறது, சுற்றுலா வந்தபோது பார்த்தேன், என்ன விலையானாலும் அதுதான் வேண்டும் என்று ராபர்ட் அனிதாவுக்கு மெயில் போட்டான். கதவு உண்மையில் சேவுகனுடையது. உள்ளே கரையான், மேலே மெழுகும் பாலிஷும். அவள் அதை வாங்கியதும் ராபர்ட் காணாமல் போய்விடுவான். அவள் கடைக்குப் பூட்டு.

ராபர்ட் என்ன சொன்னாலும் நான் சொன்னதாக நினைத்துக்கொள், வேலை முடிகிறவரை எனக்கு போனே போடாதே என்று தங்கச்சாமியிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

இனி அவள் கவிழ்வதைக் கண்ணால் பார்க்க வேண்டும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எதிர்க்கடைக்கு நடந்தார்.

அங்கே லாரியில் சாக்குச் சுற்றிய கதவை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"வாங்கண்ணே," என்றாள் அனிதா.

"லண்டனுக்கா தாயி?"

"இல்லண்ணே. டோக்கியோவுக்கு."

சேவுகன் லாரியை நெருங்கிப் பார்த்தார்.

சாக்கு ஒரு பக்கம் சரிந்தது. உள்ளே கஜலட்சுமி! இடது யானைக்குத் தந்தம் உடைந்திருந்தது. பர்மா தேக்கு. எத்தனை வெள்ளைக்காரன் கெஞ்சியும் அவர் கொடுக்காத கதவு.

"இது... எங்க வீட்டு வாசக்கதவு..."

"ஆமாண்ணே. மானகிரிக் கதவு வேணாம், சேவுகன் வீட்டுக் கதவு அதே வெலைக்கு வேணும்னு ராபர்ட் மெயில் போட்டாரு. தங்கச்சாமி அண்ணங்கிட்ட படிச்சுக் காமிச்சேன். காலைல நீங்க கடைக்கு வந்ததும், ஒங்க உத்தரவுன்னு ஒங்க வீட்டு அக்காகிட்ட சொல்லி, ஆசாரிகள வச்சு அவுகளே கழட்டிக் குடுத்தாக."

"ராபர்ட் அப்பிடி மெயிலே போடலயே!"

"போடலன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

சேவுகன் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"மொத மெயில்லயே தெரிஞ்சுபோச்சுண்ணே. செவ்வாய்க்கிழமை ஏத்தாதீங்க, ராகுகாலம் கழிச்சு லாரிய எடுங்கன்னு எந்த லண்டன்காரன் எழுதுவான்? கொண்டை ஊசியால குத்திப் பாத்தேன். மானகிரிக் கதவு மாவா கொட்டுச்சு. அதான் ரெண்டாவது மெயில நானே எழுதிக்கிட்டேன். கம்ப்யூட்டர்ல யாரு வேணும்னாலும் ராபர்ட் ஆகலாமுல்ல?"

"நான் போலீஸுக்குப் போவேன்."

"போங்கண்ணே. மொத ராபர்ட் யாருன்னு அவுகளும் கேப்பாக."

லாரி தூத்துக்குடிக்குக் கிளம்பியது. யானையும் லட்சுமியும் அவர் கண்ணெதிரே தெருமுனை திரும்பிப் போனார்கள். அவருடைய கடையில் போன் விடாமல் அடித்தது. மனைவி செந்தாமரையாகத்தான் இருக்கும். எடுக்க அவருக்குத் தைரியம் இல்லை.

"வீடு தொறந்து கெடக்குமே அனிதா... நான் என்ன செய்வேன்?"

அவள் கம்ப்யூட்டரை அவர் பக்கமாகத் திருப்பினாள்.

"நம்ம வெப்சைட்ல நல்ல கதவுக இருக்குண்ணே. உள்ளூருக்கு லாரி வாடகை கெடையாது."