கட்டச் சொன்னது யார்?

"அடிப்பாவி! என் தம்பிய மாட்டக் கட்ற மாதிரி கட்டி வச்சிக்கீறியே!"

காலை ஏழு மணிக்கே மாத்தூரிலிருந்து ஆட்டோ பிடித்து வந்த ஞானம், வாசலில் நின்று மார்பில் அடித்துக்கொண்டாள். திருவொற்றியூர் குடியிருப்பின் மூன்றாவது மாடி முழுக்கக் கதவைத் திறந்து வேடிக்கை பார்த்தது. வம்பு கிடைத்தால் அந்த மாடிக்குக் காபிகூட வேண்டாம்!

ஞானம் ஏசியது தம்பி மனைவி மதியை. அவள் கணவன் குணசேகரன் மர நாற்காலியில் இருந்தான். வயிற்றைச் சுற்றி ஒரு பழைய நூல் சேலை, தொடைகளைச் சுற்றி இன்னொன்று. கண்டெய்னர் யார்டில் விழுந்து முதுகெலும்பில் அடிபட்டுப் பதினொரு மாதம். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. பிடிமானம் இல்லாவிட்டால் உடம்பு சாய்ந்துவிடும்.

"தெனம் காலையில கட்டிப்போட்டு கைய முறுக்கறாளாம்... பக்கத்து வூட்டுக்காரி போன் போட்டு அழுவுறா! இன்னாடி பண்ற என் தம்பிய? வாயத் தொறந்து சொல்லேன்!"

சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. உடல் ஊனமுற்றவர்களுக்கு அவரவர் உடம்புக்குத் தக்கபடி யோகாசனத்தை மாற்றிக் கற்றுத்தரும் ஜஹானாரா டீச்சரிடம் வாரம் தவறாமல் போய் வந்தாள் மதி. எங்கே இறுக்கும், எங்கே வலிக்கும் என்று அறிய, முதலில் தன்னையே நாற்காலியில் கட்டிப் பார்த்தாள். தையல் கம்பெனி வேலையையும் விட்டாள். ஆனால், 'நான் இப்படி யோகா பண்றது யாருக்கும் தெரியக் கூடாது, அக்காவுக்குக்கூட' என்று சத்தியம் வாங்கியிருந்தான் குணசேகரன். பாழாய்ப்போன அந்தச் சத்தியத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அவனோ தலையைக் குனிந்துகொண்டான். அதுதான் அவளுக்கு வலித்தது.

"வா நைனா, நான் இட்டுக்கினு போறேன்!" ஞானம் வயிற்று முடிச்சை அவிழ்த்தாள்.

"அவுக்காதீங்க அண்ணி!"

அதற்குள் குணசேகரன் முன்பக்கமாகச் சரிந்தான். மதி பாய்ந்து மண்டியிட்டு, தோளைக் கொடுத்துத் தாங்கினாள். அவிழ்த்த சேலை ஞானத்தின் கையிலேயே தொங்கியது.

"கட்டச் சொன்னது நான்தான்க்கா..." மனைவியின் தோளில் கிடந்தபடியே சொன்னான். "கட்டுனாதான் ஒடம்பு நிக்கும்... ரெண்டு கையும் தூக்கி மூச்சு இழுக்க முடியும். எனக்கு வெக்கம்... யார்ட்டயும் சொல்லாதன்னு சொல்லிட்டேன். நீ இவ்ளோ பேசியும் வாயத் தொறந்தாளா பாரு! நான்தான்க்கா பாவி!"

"ஐயோ, இன்னா பேச்சு பேசிட்டேன்! மதி... என்னை ரெண்டு அறை அறைஞ்சிடும்மா!"

"அதெல்லாம் அப்பாலிக்கா பாத்துக்கலாம் அண்ணி. மொதல்ல அந்தச் சேலையக் குடுங்க... தோளு வலிக்குது."

ஞானம் தம்பியை நிமிர்த்திப் பிடிக்க, மதி நிதானமாகக் கட்டினாள். வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்து ஞானம் கதவைச் சாத்தப் போனாள்.

"சாத்தாதக்கா. பாக்கட்டும்!"

தினமும் மூச்சை எண்ணி எண்ணி உயர்ந்து இறங்கும் அந்த இரண்டு கைகளும் இன்று மேலே போகவில்லை. மதியை இழுத்து அணைத்துக்கொண்டன. பதினொரு மாதமாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து, அவள் ஓவென்று அழுதாள்.