மூன்று தட்டு

பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி, பழைய துணியில் சுற்றி ஓரமாக ஒதுக்கிவிட்டுக் காதுக்காரன் கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, காரின் டிக்கிக்குள் சத்தம் கேட்டது. தும், தும், தும். மூன்று முறை. பிறகு ஒன்றுமில்லை.

மின்சாரமே இல்லாத வண்டியில் ஸ்பீக்கர் அடிக்காது. பதினாறு வருடமாகக் கார்களுக்குப் பாட்டு செட் பொருத்துகிறவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெயிலில் ஓடிவந்த தகரம் நிழலுக்கு வந்து ஆறும்போது முனகும், அதுதான் இது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். ஆனால் தகரம் எண்ணி எண்ணி முனகாது என்பதும் அவனுக்குத் தெரியும்.

காதுக்காரன் என்பது அவனுக்கு வாடிக்கையாளர்கள் வைத்த பெயர். ஒரு வண்டியைத் தெருமுனை வரை ஓட்டிவிட்டுத் திரும்பினால் போதும், பின்கதவில் எந்த கிளிப் ஆடுகிறது என்று கையை வைத்துக் காட்டிவிடுவான். அவனுடைய முறை எளிது. விரல் முட்டியால் தகரத்தைத் தட்டிக்கொண்டே போவான், காதை ஒட்டிக் கேட்பான், எங்கே சத்தம் மாறுகிறதோ அங்கே குறை. மனைவி திட்டுவது மட்டும்தான் அந்தக் காதில் விழாது என்று வீட்டில் ஒரு கேலி உண்டு.

அந்த மனைவி சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருந்தாள். தகரக் கொட்டகையை ஒட்டி அவளுடைய தையல் அறை. காலையிலிருந்து மாலை வரை மெஷின் ஓடும் சத்தம் சுவர் வழியாகக் கேட்டபடி இருக்கும். தேநீர் வேண்டுமென்றால் அவன் ஸ்பேனரால் சுவரில் மூன்று தட்டு தட்டுவான். மெஷின் நிற்கும். இரண்டு நிமிடத்தில் சந்துப் பக்கம் இருக்கும் பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு, "உங்களுக்குன்னு ஒரு வேலைக்காரி" என்றபடி டம்ளரோடு வந்து நிற்பாள். கல்யாணமான நாள் முதல் இதுதான் வழக்கம், ஒரு நாளும் அவள் வராமல் இருந்ததில்லை.

இப்போதும் மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மணி மூன்று. முன்பக்கத்து ஷட்டர் இறக்கியிருந்தது, கூரையின் கண்ணாடித் தகடு வழியாக வெயில் விழுந்துகொண்டிருந்தது. பயப்பட ஒரு காரணமும் இல்லாத மதியம்தான் அது.

வண்டி காண்ட்ராக்டருடையது. காலையில் கொண்டுவந்து விட்டபோது மனிதர் பாதியாகத் தேய்ந்திருந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்து, தாடை இறுகி, யார் பேசினாலும் ஒரு காதைத் திருப்பிக் கேட்டார்.

"பழைய செட் பத்தல மாஸ்டர்."

"போன வருஷம்தானே சார் போட்டோம்? நெஞ்சு அதிர்ற மாதிரி பேஸ் ஆச்சே அது."

"பாட்டு ஓடுற வரைக்கும் ஒண்ணுமில்ல. நின்னா டிக்கியில ஏதோ அடிக்குது. அதை அமுக்கணும்."

"அடிச்சா ஏதோ லூஸ் சார். தேடி டைட் பண்ணிட்டா தீந்துது. அதுக்குப் போய் புது செட்டா?"

"தேட வேணாம்." காண்ட்ராக்டரின் கை வண்டிக் கூரையில் அறைந்த வேகத்தில் மேசை மேலிருந்த திருகாணிகள் குதித்தன. பிறகு குரலைத் தாழ்த்தினார். "நோண்டாதீங்க மாஸ்டர். ஸ்பீக்கர் பெட்டியை மட்டும் மாத்துங்க. பெருசா போடுங்க. வேற எதுவுமே காதுல விழக்கூடாது."

பேச்சை மாற்றுவதற்காக, "வீட்ல சௌக்கியமா சார்?" என்று கேட்டுவைத்தான்.

"போயிட்டா. எங்கன்னு தெரியல." சாவியை மேசை மேல் எறிந்துவிட்டு ஆறு மணிக்கு வருவதாகச் சொல்லிப் போய்விட்டார்.

பெரிய இடத்து வீட்டுக் கதை நமக்கெதற்கு என்று காதுக்காரன் ஒரு அட்டையை எடுத்துத் திட்டம் போட ஆரம்பித்தான். பத்து அங்குல சப்வூஃபர் ஒன்றுக்குப் பதில் பன்னிரண்டு அங்குலத்தில் இரண்டு. அதைத் தூக்கி நிறுத்தத் தனி ஆம்ப்ளிஃபயர். பேட்டரியிலிருந்து விரல் தடிமனில் புது கேபிள், பேட்டரிக்கு ஒரு சாண் தள்ளி ஃப்யூஸ். பெட்டிக்கு இருக்கிற இடம் போதுமா என்று அளக்க வேண்டும், அதற்குப் பழைய பெட்டியை வெளியே எடுத்தாக வேண்டும். அதற்காகத்தான் பேட்டரி வயரைக் கழற்றியிருந்தான்.

தும், தும், தும்.

இந்த முறை மேசை மேலிருந்த அட்டைகூட லேசாக நடுங்கியது.

வம்புதான். ஆனால் சத்தம் என்று வந்துவிட்டால் அவன் கை சும்மா இருக்காது. பின்பக்க மட்கார்டில் விரல் முட்டியை வைத்துத் தட்டினான். சரியான சத்தம். கொஞ்சம் தள்ளி. சரியான சத்தம். டிக்கி மூடியின் ஓரம். அங்கேயும் கெட்டியாகத்தான் இருந்தது, சத்தத்தை அமுக்க அவனே போன வருடம் ஒட்டிய தார் ஷீட் தகரத்தோடு ஒன்றாய்ப் பிடித்திருந்தது. மூடியின் நடுவில் தட்டினான்.

உள்ளிருந்து, அவன் முட்டி பட்ட அதே இடத்தில், யாரோ தட்டினார்கள்.

கையைச் சூடுபட்டதுபோல் இழுத்துக்கொண்டான். எதிரொலி என்றான் மனதுக்குள். இவ்வளவு ஷீட் ஒட்டிய டிக்கியில் எதிரொலிக்கு இடமில்லை என்று அவனுடைய தொழில் உடனே பதில் சொன்னது. பக்கத்தில் கைநீட்டி, வேண்டுமென்றே ஒரே ஒரு தட்டு தட்டினான்.

தும், தும், தும்.

மூன்று தட்டு. அந்த இடைவெளி, அந்தத் தாளம், அவன் சுவரில் தட்டுகிற அதே அளவு. அப்போதுதான் போன வருடத்து மதியம் ஒன்று அவன் முன்னால் வந்து நின்றது.

அன்றைக்குக் காண்ட்ராக்டரோடு அவர் மனைவியும் வந்திருந்தாள். அவர் வெளியே போனில் கத்திக்கொண்டிருக்க, அவள் தையல் அறையில் போய் உட்கார்ந்தாள். முழுக்கை சட்டை போட்டிருந்தாள், துணி அளவு பார்க்கக் கையை நீட்டியபோது மணிக்கட்டில் ஐந்து விரலும் நீலமாகப் பதிந்திருந்ததாகப் பிற்பாடு காதுக்காரனின் மனைவி சொன்னாள். அவன் சுவரில் தட்டியதும் அவன் மனைவி எழுந்து ஓடுவதைப் பார்த்து அந்தப் பெண்ணுக்கு ஆச்சரியம்.

"மூணு தட்டு தட்டினா வந்துடுவீங்களாக்கா?"

"தலை போற வேலையா இருந்தாலும் போட்டுட்டு வந்துடுவேன். இல்லன்னா மனுஷன் விடமாட்டாரே."

அந்தப் பெண் அவன் மனைவியின் பின்னாலேயே கொட்டகைக்குள் வந்து, டிக்கிக்குள் அவன் ஷீட் ஒட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே இருக்கும் சத்தம் ஒரு துளியும் வெளியே வரக்கூடாது என்பது காண்ட்ராக்டரின் உத்தரவு. காதுக்காரன் தரை, பக்கம், மூடி என்று ஓரிடம் விடாமல் ஒட்டினான், பின்சீட்டுக்குப் பின்னால் பலகை வைத்து அடைத்தான். மூடியின் உட்பக்கம் இருட்டில் ஒளிரும் சின்னக் கைப்பிடி ஒன்று தொங்கியது. பேஸ் அடிக்கும்போதெல்லாம் அது கடகடவென்று ஆடிக் கழுத்தை அறுத்தது. கட்டிங் பிளையரை எடுத்தான்.

"அது எதுக்குண்ணா?"

"உள்ள யாராச்சும் மாட்டிக்கிட்டா இதை இழுத்தா திறக்கும்மா."

"அதையா வெட்டப்போறீங்க?"

"டிக்கியில போய் யாரும்மா மாட்டப்போறாங்க!" அவன் வாய்விட்டுச் சிரித்தான். நறுக்கென்று வெட்டி, மேலே ஷீட்டை இழுத்து ஒட்டி, ரோலரால் அழுத்தித் தேய்த்தான். "இப்ப தட்டிப் பாருங்க. கல்லு மாதிரி இருக்கும்."

அவள் தட்டிப் பார்த்தாள். பிறகு வெகுநேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "கொஞ்சமாச்சும் வெளிய கேக்குற மாதிரி விடுங்களேன்ணா" என்றாள். வேலைத் திறமையைச் சீண்டுகிறாள் என்று நினைத்து அவன் அதற்கும் சிரித்துவைத்தான்.

காதுக்காரன் சாவியைத் திருகி டிக்கியைத் திறந்தான்.

உள்ளே பெட்டி மட்டும். கறுப்புத் துணி போர்த்திய மரப்பெட்டி. தார் வாசனையோடு இன்னொரு வாசனையும் கலந்திருந்தது, பினாயில் ஊற்றிக் கழுவியும் போகாத, துருப்பிடித்த ஆணியை நாக்கில் வைத்ததுபோன்ற வாசனை. நோண்டாதீங்க என்ற குரல் காதில் இருந்தது. ஆனாலும் அந்தச் சிரிப்பும் அதே காதில்தான் இருந்தது, தான் சிரித்த சிரிப்பு, அதுதான் அவனை விடவில்லை. போல்ட்டைக் கழற்றிப் பெட்டியை இழுத்துக் கீழே போட்டான். மூடியின் உட்பக்கம் புதிதாக ஒரு கம்பளத் துணி ஒட்டியிருந்தது. அவன் ஒட்டியதல்ல. ஓரத்தைப் பிடித்துக் கிழித்தான்.

அலுமினியப் பூச்சு உரிந்து, கீழே தார் தெரிந்தது. தார் நிறைய விரல் தடம். வெயில் சூட்டில் இளகிய தாரில் பத்து விரலும் இறங்கி, இழுத்து, மறுபடி இறங்கி, இழுத்த தடங்கள். உள்ளங்கையின் ரேகைகூடப் பதிந்திருந்தது. பெட்டி இருந்த இடத்துக்குப் பின்னால் நெற்றியால் முட்டியதுபோல் ஒரு பள்ளம், அதில் ஒட்டிய நீள முடி, காய்ந்த ரத்தம். மூடியின் நடுவில்தான் அதிகம். அந்தக் கைப்பிடி இருந்த இடம். அங்கே தாரைத் தோண்டித் தோண்டித் தகரம் வரை போயிருந்தாள். தகரத்தில் கீறல். கீறலின் முடிவில் ஒரு நகம், வேரோடு, பாதிச் சாயம் போன சிவப்பு.

வெட்டுவதைப் பார்த்தவள். இல்லை என்று தெரிந்தவள். தெரிந்தும் அங்கேயே தோண்டியிருக்கிறாள்.

"ஐயோ அம்மா" என்று அவன் வாய் அதுவாகச் சொன்னது. நெஞ்சு முழுக்க ஒரே எண்ணம், நான்தான், நான்தான் வெட்டினேன். போன் மேசை மேல் இருந்தது. போலீசுக்குச் சொல்ல வேண்டும். திரும்பினான்.

பக்கவாட்டுக் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு காண்ட்ராக்டர் நின்றிருந்தார். கையில் ஜாக்கி ராடு.

"நோண்டாதீங்கன்னு சொன்னேன்ல மாஸ்டர்."

காதுக்காரன் சுவரை நோக்கிப் பாய்ந்தான். கைக்குக் கிடைத்த ஸ்பேனரால் ஓங்கித் தட்டினான். ஒன்று. இரண்டு.

மூன்றாவது தட்டு சுவரில் விழவில்லை. ராடு அவன் வலது காதில் விழுந்தது. எலும்பு உடையும் சத்தம் வெளியிலிருந்து கேட்கவில்லை, உள்ளிருந்து கேட்டது. முழங்காலில் விழுந்தான். கழுத்து வழியாகச் சூடாக இறங்கியது. தரையில் கிடந்த ஸ்பேனரை எட்டினான், விரல்கள் மேல் பூட்ஸ் ஏறியது. இரண்டாவது அடி முதுகில். மூன்றாவது கால் முட்டியில். கத்தப் பார்த்தான், வாயில் எண்ணெய்த் துணி திணிக்கப்பட்டது.

மிச்சமிருந்த இடது காதில் தையல் மெஷின் கேட்டது. நிற்கவில்லை. இரண்டு தட்டுக்கு அது நிற்காது. மூன்று வேண்டும்.

"ராத்திரி பூரா தட்டுறா மாஸ்டர்" என்றார் காண்ட்ராக்டர், மூச்சிரைத்தபடி, கிட்டத்தட்ட அழுகிற குரலில். "எடுத்துப் புதைச்சப்புறமும் தட்டுறா. உங்களைத்தான் கூப்பிடுறாளோ என்னவோ. போய்க் கேளுங்க."

தூக்கினார். மடக்கினார். உடைந்த முட்டியை உதைத்து டிக்கிக்குள் தள்ளினார். வெயிலும் கூரையும் ஒரு கோடாகக் குறுகின.

மூடி இறங்கியது.

மெஷின் சத்தம் அறுந்தது.

இவ்வளவு முழுமையான அமைதியை அவன் வாழ்நாளில் கேட்டதில்லை. தன் வேலை. ஓர் இடைவெளி இல்லை, ஓர் ஓட்டை இல்லை. துணியைத் துப்பிவிட்டுக் கத்தினான். குரல் உதட்டிலேயே செத்தது. காலால் உதைத்தான். கல். தலையால் முட்டினான். கல். முன்பக்கம் பானெட் அறைந்து மூடிய அதிர்வு வந்தது, பேட்டரி வயரை மாட்டிவிட்டார். கீழே ஏதோ அதிர்ந்தது, ஷட்டர் ஏறுகிறது. இன்ஜின் உறுமல் முதுகெலும்பில் தெரிந்தது. இப்போது மெஷினை நிறுத்தியிருப்பாள். வெளியே வந்திருப்பாள். வேலை முடிஞ்சுதா சார், அவர் எங்கே என்று கேட்டுக்கொண்டு இரண்டு அடி தூரத்தில்தான் நிற்பாள்.

பூட்ஸில் நசுங்காத கையை முஷ்டியாக்கினான். மூடியில் தட்டினான்.

தும். தும். தும்.

காத்திருந்தான். வருவாள். ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை.

வண்டி நகர்ந்தது.

தும். தும். தும்.

அது அவன் தட்டியதில்லை.

இருட்டில், அவன் முகத்துக்கு நேர் எதிரே, தார் வாசனை அடிக்கும் ஒரு மூச்சு மெல்ல வெளியே வந்தது. ஈரமான விரல்கள் அவன் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தன. நகமில்லாத விரல்கள். கோபமே இல்லாமல், வழி தெரியாதவனுக்கு வழி காட்டுவதுபோல், அவை அவன் கையை மேலே தூக்கி, மூடியின் நடுவில், தோண்டிய பள்ளத்தின் மேல் கொண்டுபோய் வைத்து அழுத்தின.

"இங்கதானேண்ணா இருந்துச்சு?"