மாதவனின் இடது பக்கம்

2006 ஆடியில் ஒரு மத்தியானம், ஜூஜுவாடியில் இருந்த பழைய ஓட்டு வீட்டுக்கு மாதவனை ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் அழைத்துவந்தாள் அவன் மனைவி ரஞ்சிதா. ஹைவேயில் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடி. கம்பெனியில் மெஷின் பாகங்களுக்குப் படம் வரைகிறவன். வரைகிற வலது கை பிழைத்தது. ஆனால் இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே அவனுக்கு மறந்துவிட்டது. கண்ணில் பழுதில்லை, மூளைதான் அந்தப் பக்கத்தைக் கவனிப்பதில்லை என்றார் டாக்டர். தினமும் படம் வரையச் சொல்லுங்கள், இடது பக்கம் உட்கார்ந்து கூப்பிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

அதை என்னவென்று சொல்வேன் கண்ணுகளா! தட்டில் வலது பாதிச் சோற்றைத் தின்றுவிட்டு இன்னும் பசிக்கிறது என்பான். பூ வரைந்தால் பாதிப் பூ. கம்பெனி பஸ் வரைந்தால் பாதி பஸ்.

"பாதி பஸ்ஸுல எனக்கு எங்கப்பா சீட்டு?" என்று பக்கத்து வீட்டு நஞ்சம்மா கேட்டு அவனைச் சிரிக்கவைத்தாள்.

ரஞ்சிதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தாலி கட்டி ஆறு மாதம். பெண்டாட்டிக்கு இடம் புருஷனின் இடது பக்கம் என்று மணையில் அவளை மாற்றி உட்காரவைத்திருந்தார்கள். அதே பக்கம் உட்கார்ந்து இப்போது தொண்டை வறளக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேன் என்கிறான். அவளுக்கு முன் அந்த இடத்தில் இருந்தவள் அவனுடைய முதல் மனைவி வீரலட்சுமி. இதே வீட்டில் காய்ச்சலில் செத்து மூன்று வருடம். அந்தப் பெயரை யார் சொன்னாலும் ரஞ்சிதாவுக்கு வயிறு எரியும்.

ஒரு நாள், நம் இருவரையும் வரையுங்கள் என்று நோட்டைக் கொடுத்துவிட்டுத் துணி காயப்போடப் போனாள். திரும்பி வந்தபோது அறையெல்லாம் ஈர மஞ்சள் வாசனை. அவள் மஞ்சள் பூசுவதில்லை.

தாளின் வலது பாதியில் மாதவன்.

இடது பாதியில் ஒரு பெண். இடுப்புவரை பின்னல். இரண்டு பக்கமும் மூக்குத்தி.

ரஞ்சிதா மூக்கே குத்தியதில்லை.

"யாருங்க இவ?"

"எவ?"

"இந்தப் பக்கம் வரைஞ்சிருக்கீங்களே."

"நான் என்னை மட்டுந்தான் வரைஞ்சேன், ரஞ்சி."

அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு அந்தப் பக்கமே கிடையாது.

நோட்டைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டினாள். இப்போது அந்தப் பெண் அவனுக்கு வலது பக்கம் வந்தாள். அவன் முகம் மலர்ந்தது.

"வீரா," என்றான்.

அந்தக் குரலில் அவன் ரஞ்சிதாவை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. தாள் கிழியும்வரை ரப்பரால் அந்தப் பெண்ணை அழித்தாள். டாக்டர் சொன்னதையும் மறந்து, தன் நாற்காலியை அவனுடைய வலது பக்கம் இழுத்துப் போட்டாள்.

"இனி நான் இங்கதான் உக்காருவேன். நீங்க பாக்குற பக்கம்."

அவன் பார்த்தான். இத்தினி நாளா எங்க போயிருந்த என்று கேட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டான். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள். இடது பக்கம் காலியானது அவளுக்குத் தோன்றவேயில்லை.

மறுநாள் காலை நோட்டைக் கொடுத்தாள். பென்சில் உரசத் தொடங்கியது.

தாளின் இடது ஓரத்திலிருந்து.

பின்னல். மூக்குத்திகள். அந்தப் பெண்ணின் தோளில் சாய்ந்தபடி மாதவன். அதோடு பென்சில் நின்றுவிட்டது. வலது பக்கம் வெறும் தாள்.

"என்னங்க, நான் இங்க இருக்கேன்."

அவன் திரும்பவில்லை.

தோளைத் தொட்டாள். உலுக்கினாள். அவனுக்கு உறைக்கவில்லை. இடது பக்கமே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அடிபட்ட நாளிலிருந்து அசையாத அவனுடைய இடது கை அவன் மடியில் இருந்தது.

அதன் விரல்கள் விரிந்தன. யாரோ விரல் கோத்துக்கொண்டதுபோல் மெல்ல மூடிக்கொண்டன.