குறட்டை மருந்து

செவ்வாய்க் குடியிருப்பில் கரண்டிகள் ரப்பரால் ஆனவை. தும்மல் வந்தால் சுவரிலிருக்கும் தும்மல்குழாய்க்குள் முகத்தை நுழைத்துத் தும்ம வேண்டும். பூமியின் இரைச்சல் தாங்காமல் கிளம்பி வந்தவர்கள் கட்டிய ஊர். அமைதிதான் அங்கே முதல் சட்டம்.

அந்த ஊரில் அமிர்தவல்லியின் இடது காதில் ஓயாமல் ஒரு ரீங்காரம். முதலில் எரிச்சல்பட்டாள். பிறகு தூக்கம் போனது, பசி போனது. தக்காளிக் கூடத்து வேலையை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். கணவன் தங்கப்பாண்டி அவளை மருத்துவ இயந்திரமான நலமியிடம் கூட்டிப்போனான்.

"காதுக்குள் சில நுண்மயிர்கள் பழுதாகிவிட்டன, அம்மா" என்றது நலமி. "வராத ஒலியை மூளை தேடுகிறது, அந்தத் தேடல்தான் ரீங்காரம். அது மனத்தைச் சோர வைக்கும். சோர்ந்த மனத்துக்கு அது இன்னும் உரக்கக் கேட்கும். சோர்வுக்குத் தினமும் என்னிடம் வந்து பேசுங்கள். காதுக்குத் துணையாக ஏதாவது மெல்லிய சத்தம் வேண்டும். இந்த ஊரில் அதற்கு நான் எங்கே போவேன்?"

தினமும் போய்ப் பேசினாள். மனம் கொஞ்சம் தெளிந்தது. ஆனால் வீடு திரும்பினால் அந்த நிசப்தத்தில் ரீங்காரம் மட்டும் காத்திருந்தது.

"இந்தக் காதோட எத்தனை நாளுங்க இருக்கறது?" என்று ஒருநாள் அழுதாள்.

தங்கப்பாண்டி அவள் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். மதியச் சாப்பாடு முடிந்ததும், குடியேறிய அன்று எல்லோருக்கும் பொருத்திய குறட்டையடக்கியைத் தன் மூக்கிலிருந்து கழற்றினான்.

"ஐயோ, ஊரை விட்டே அனுப்பிருவாங்க!"

"அனுப்பட்டும். நீ பக்கத்துல படு, வல்லி."

அவன் கண்ணயர்ந்ததும் குறட்டையில் கட்டில் அதிர்ந்தது. அமிர்தவல்லி பல மாதங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்தபடியே தூங்கிப்போனாள். மதியத் தூக்கம் வழக்கமாயிற்று. மெல்ல மெல்லத் தக்காளிக் கூடத்துக்கும் போகத் தொடங்கினாள்.

ஒரு விடுமுறை நாளில், தங்கப்பாண்டி தூங்கிக்கொண்டிருந்தபோது, அமைதிக் காவலர் ஜெசிந்தா வாசலில் வந்து நின்றாள்.

"என்னக்கா சத்தம் இது?"

"என் வீட்டுக்காரர்தாம்மா. என் காதுக்காகத்தான்…" அமிர்தவல்லி எல்லாவற்றையும் சொன்னாள்.

ஜெசிந்தா படியிலேயே உட்கார்ந்து கதவில் தலையைச் சாய்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"எனக்கும் ஒரு வருஷமா கேக்குதுக்கா. யார்கிட்டயும் சொல்லலை."

இருவரும் அப்படியே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே குறட்டை சட்டென்று நின்றது. ஜெசிந்தா பதறி எழுந்தாள்.

"ஒருக்களிச்சுப் படுத்துட்டாரு போல. மெதுவா மல்லாக்கத் திருப்பி விடுங்கக்கா!"