கடல் சொன்ன சாட்சி

கடல் ஒருநாள் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, சாட்சி சொல்லிவிட்டுப் போனது.

இதில் ஒரு சொட்டுப் பொய் கலந்திருந்தாலும் என் பென்ஷன் நின்று போகட்டும்!

முதலில் நம்பாதவர் அந்த ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர். கடிகாரம் மணி அடித்தால்கூட இன்னொரு கடிகாரத்தைக் கூப்பிட்டு விசாரிக்கிற ஆசாமி.

ஒரு புதன்கிழமை காலை அவர் டெலிபோன் அலறியது.

அக்கா மகள்.

"மாமா... என் கருவியைக் காணோம். மிதவையில கட்டியிருந்த கயித்தை யாரோ அறுத்துட்டாங்க."

கை நீளத்துக்கு ஓர் எஃகுக் குழாய். ஒரு வருடமாகக் கடலுக்குள் தொங்கி, தண்ணீரின் சூட்டைப் பதிவு செய்துகொண்டிருந்தது. கரையோரக் கடல் எவ்வளவு வேகமாகச் சூடாகிறது என்பதற்கு அவளிடமிருந்த ஒரே ஆதாரம். அதை அனுப்பினால் வெளிநாட்டில் பிஎச்.டி. இடம்.

ஒரே இடம்... வெள்ளிக்கிழமை மாலை கெடு!

"கடல் சுடுதான்னு பார்க்கக் காலை விட்டாப் போதாதா? இதுக்கு ஒரு டாக்டர் பட்டமா?" என்றார் மாமா. ஆனாலும் ஜீப்பை எடுத்தார். அக்கா மகளாயிற்றே!

சந்தேகம் ஒருவன் மேல்தான் விழுந்தது. அதே இடத்துக்கு மனுப் போட்டிருந்த அவளுடைய சக மாணவன். லேபில் அவன் பெயர் ஒட்டகம். மின்விசிறி ஓடினால் தவழ்ந்துதான் போவான்... அவ்வளவு உயரம்.

அவர்களுடைய புரொஃபசரே பெருமூச்சு விட்டார். பையன் நல்லவன்தான், ஆனால் பொறாமை யாரை விட்டது என்றார்.

நாளைக்கு லேபைச் சோதனை போடப் போகிறேன் என்று இன்ஸ்பெக்டர் அறிவித்தார்.

போட்டார். ஒன்றும் சிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒட்டகமே ஸ்டேஷனுக்கு வந்தான். கையில் அந்தக் குழாய்! தினமும் ஓடுகிற கடற்கரையில், மணலுக்குள் காலில் இடறியதாம்.

"களவாணியே பொருளோட வந்து நிக்கிறான்," என்று இன்ஸ்பெக்டர் லாக்கப்பைத் திறந்தார்.

தகவல் கேட்டுப் புரொஃபசர் ஓடி வந்தார். அவளும் லேப்டாப்போடு வந்தாள். குழாயைப் பெஞ்சில் வைத்து லேப்டாப்பில் இணைத்தாள்.

"இதை விசாரிங்க மாமா. காணாமப் போன பிறகும் இது சூட்டைப் பதிவு பண்ணிட்டேதான் இருந்திருக்கு."

திரையில் சிவப்புக் கோடு. கடலில் இருந்தவரை இருபத்தொன்பது டிகிரி. படகின் வெயிலில் நாற்பது. பிறகு...

தடாலென்று நாலு!

"நாலா? வீட்டு ஃப்ரிட்ஜ்ல ஒளிச்சானா?"

"ஃப்ரிட்ஜைத் திறந்து மூடினா கோடு ஏறி இறங்கும் மாமா. இது ஆடவே இல்லை. எங்க லேப் குளிர் அறை மட்டும்தான் இப்படி இருக்கும். கடல்லேர்ந்து எது வந்தாலும் நாலு டிகிரியில வைக்கணும்... அது எங்க லேப் வழக்கம்."

"சாவி யார்கிட்ட?"

லாக்கப்பிலிருந்து ஒட்டகம் குரல் கொடுத்தான். "மாணவங்களுக்குத் தர மாட்டாங்க சார்."

பெஞ்சில், குழாய்க்குப் பக்கத்தில், புரொஃபசர் தொப்பென்று உட்கார்ந்தார்.

"தண்ணியை விட்டு எடுத்ததுமே பதிவு நின்னிருக்கணுமே..." என்று முணுமுணுத்தார்.

"பழைய மாடல் நிக்கும் சார். இது புதுசு. வாங்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது நீங்கதான்... படிச்சுப் பார்க்காம."

இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவினார். "ஏன்யா செஞ்சே?"

"இவ போயிட்டா என் ஆராய்ச்சிக் கட்டுரையை எல்லாம் யாரு சார் எழுதுவா?"

சோதனை என்றதும் பயந்துபோய் எடுத்து, ஒட்டகம் ஓடுகிற வழியில் புதைத்தாராம். கருவியை உடைக்க மட்டும் மனசு வரவில்லையாம்.

"சரி, திருடின பொருளைப் போய் ஏன்யா குளிர் அறையில வெச்சே?"

"பழக்க தோஷம் சார்..."

கெடு முடியுமுன் பதிவுகள் கடல் தாண்டிப் பறந்தன. அவள் பதிவுகளை ஒழுங்குபடுத்த, விண்ணப்பத்தை டைப் அடித்துக் கொடுத்தவன் லாக்கப்பிலிருந்து வெளியே வந்த ஒட்டகம். சில வாரங்களில் இடம் அவளுக்கே கிடைத்தது.

புரொஃபசர் பிடிபட்ட அன்று மாலையே அக்கா போனில் வந்தாள். கண்ணால் பார்த்த சாட்சி இல்லாமல் எப்படிடா பிடித்தாய் என்று குடைந்தாள்.

இன்ஸ்பெக்டர் காலியான பெஞ்சைப் பார்த்தார்.

"கடல்தான்க்கா வந்து சொல்லுச்சு. நானே விசாரிச்சேன். நாலு டிகிரியில கிடந்ததால கொஞ்சம் ஜலதோஷம்... மத்தபடி நல்ல சாட்சி."